மூதூர்ப் பக்கத்துக் காய்

பாக்கியரத்தினம் அந்த விளையாட்டில் முதன்முதலாக வென்ற சனிக்கிழமையன்று, மகள் கீர்த்தனியைத் தொலைபேசியில் அழைத்து அதனை அறிவித்தார்.

“நானாவை வெண்டுட்டன், பிள்ளை.”

“றஹ்மான் மாமாவையோ? சும்மா பகிடி விடாதேங்கோ அப்பா.”

“அம்மாட்டைக் கேள்.”

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கமலேஸ்வரி, தம்மிடம் எவரும் கேளாமலே விடை கூறினார். “ஓம், வெண்டவர்தான். பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாச்சு, தேத்தண்ணிக் கடைக்குச் சொல்லியாச்சு. இனிக் கோயில்ல இருக்கிற கோணேசருக்குத்தான் சொல்லேல்லை.”

அவ்விளையாட்டு அவர்கள் வீட்டுக்கு வந்ததே கீர்த்தனியாலேதான். நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்புப் பகுதியில் அவள் பணியாற்றினாள். விடுமுறைக்கு வந்திருந்த வெளிநாட்டுக் குடும்பமொன்று அதனை அறையிலேயே விட்டுச் சென்றது. நெடுநாளாகியும் எவரும் கேட்டு வராமையால், முகாமையாளர் அவளையே எடுத்துக்கொள்ளுமாறு கூறிவிட்டார். நிமிர்ந்து நிற்கும் நீலநிறச் சட்டகம். அதில் வரிசை வரிசையாக வட்டத் துளைகள். மேல்விளிம்பில் ஏழு வாய்கள். ஒருவருக்குச் சிவப்புக் காய்கள், மற்றவருக்கு மஞ்சட் காய்கள். ஒருவர் மாறி ஒருவர் ஏதேனும் ஒரு வாயில் ஒரு காயை விடவேண்டும். விட்ட காய் வழுக்கிச் சென்று, அந்த நெடுக்கு நிரலில் வெறுமையாயுள்ள அடியிடத்தில் அமரும். நின்றோ கிடந்தோ சாய்ந்தோ, தம் நிறத்துக் காய்கள் நான்கினை அடுத்தடுத்து அமைத்தவரே வென்றவர். மூன்று சேர்ந்து நான்காவதற்கு இடமிருப்பின், மற்றவர் அதனைக் கண்டு மறித்துவிட வேண்டும். விதி இவ்வளவே. இலகுவான விதியென்று எண்ணித்தான் பாக்கியரத்தினமும் தொடங்கினார்.

அவரோடு ஆடியவர் மூதூரைச் சேர்ந்த கலீலுர் றஹ்மான். பாலங்கள் அமைந்து பேருந்துகள் ஓடத் தொடங்குமுன், திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற லோஞ்சுப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர் அவர். இறங்குதுறையில் பயணச்சீட்டுக் கொடுத்தவர் பாக்கியரத்தினம். ஒருவர் பயணச்சீட்டுக் கூட்டில் அமர்ந்திருக்க மற்றவர் கடலில் திரிந்த அந்நாள்களில் அவர்கள் பேசிக்கொண்டது குறைவு. ஓய்வு பெற்ற பின்னரே நட்பு முற்றியது. றஹ்மான் ஒரு சிறு ‘ஃபைபர்’ படகு வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் விடியற்புறம் குடாவில் வலைபோட்டு, கிடைத்த மீனில் ஒரு கோர்வையைப் பாக்கியரத்தினத்தின் வீட்டுக்குக் கொண்டுவருவார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்படும் வரையில் விறாந்தையில் ஆட்டம் நடைபெறும்.

தொடக்கத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சட்டகத்தை நடுவில் வைத்து இருவரும் எதிரெதிரே அமர்வதனால், ஒருவருக்கு வலப்பக்கமானது மற்றவருக்கு இடப்பக்கமாகும். “வலப்பக்கம் மறிச்சிருக்க வேணும்” என்று ஒருவர் சொல்ல, “எந்த வலப்பக்கம்?” என்று மற்றவர் கேட்க, காய்களை விடவும் சொற்களே மிகுதியாக விழுந்தன. ஈற்றில் றஹ்மான் ஒரு வழி கண்டார். விறாந்தை மேசையின் ஒருபுறம் தெற்கு நோக்கியும் மறுபுறம் வடக்கு நோக்கியும் இருந்தமையால், சட்டகத்தின் தென்னோரத்துக்கு மூதூர்ப் பக்கமென்றும் வடவோரத்துக்கு நிலாவெளிப் பக்கமென்றும் பெயரிட்டார். மேற்கு நோக்கி அமரும் றஹ்மானுக்கு மூதூர்ப் பக்கம் இடக்கையில் இருந்தது. பாக்கியரத்தினத்துக்கு அதுவே வலக்கை.

முதலிரண்டு ஆண்டுகளில் பாக்கியரத்தினம் வென்றதேயில்லை. றஹ்மான் நடு நிரலைப் பிடித்துக்கொண்டு, எவரும் நினையாத இடத்திலிருந்து சாய்வாக நான்கு காய்களை அமைத்துவிடுவார். அவருடைய மறிப்பும் அத்தகையதே.

“எப்பிடி நானா பிடிக்கிறீங்கள்? நான் அந்தக் கரையில ஒண்டு, இந்தக் கரையில ஒண்டு எண்டு ஒளிச்செல்லோ விட்டனான்.”

“லோஞ்சு ஓட்டுறவனுக்கு முன்னால பாக்கிற கண் மட்டும் போதாது அண்ணன். பக்கத்தால பாக்கிற கண் வேணும். நீங்க கூட்டுக்குள்ள இருந்து சில்லறை எண்ணின ஆள்தானே.”

“சில்லறை எண்ணினபடியாத்தான் உங்களுக்குச் சம்பளம் வந்தது.”

“அதையும் குறைச்சுத்தான் தந்தீங்க.”

இவ்வாறிருந்த ஆட்டத்தில்தான், ஒரு சனிக்கிழமை, பாக்கியரத்தினத்தின் சிவப்புக் காய்கள் நான்கு மூதூர்ப் பக்கத்தில் அடிவரிசையில் அடுத்தடுத்துக் கிடந்தன. றஹ்மான் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“விட்டுட்டன்,” என்றார்.

அவ்விடத்துப் பேச்சில் அச்சொல்லுக்கு இரு பொருளுண்டு. காயை வாயில் இட்டுவிட்டேன் என்பதும் அதுவே. காணாமல் தவறவிட்டேன் என்பதும் அதுவே. பாக்கியரத்தினம் இரண்டாவது பொருளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்தடுத்த கிழமைகளில் அவர் தாம் ஓர் உபாயம் கண்டறிந்ததாக நம்பினார். நடுவில் இரண்டு காய்களை விட்டு நானாவின் கவனத்தை அங்கே நிறுத்திவிட வேண்டும். பின்னர் மூதூர்ப் பக்கத்து ஓர நிரல்களில் மெல்ல மெல்லச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். அங்கே மறிப்பு வருவதில்லை. நிலாவெளிப் பக்கத்தில் அதே உபாயம் ஒருபோதும் பலிக்கவில்லை. அது ஏனென்று அவர் ஆராயவில்லை. வெல்லுகின்ற மனிதன் காரணங்களை ஆராய்வது அரிது.

“சொந்த ஊர்ப் பக்கத்திலயே தோக்கிறீங்கள் நானா. மூதூர்ச் சனம் கேட்டால் என்ன சொல்லும்?”

“சொல்லாதீங்க அண்ணன். பிறகு இறங்க விடமாட்டாங்க.”

ஒருநாள் கமலேஸ்வரி தேநீர் கொண்டுவந்து, றஹ்மானின் இடக்கைப் புறமாக வைத்துச் சென்றார். சற்று நேரத்தில் றஹ்மான் கையை வீசிப் பேசியபோது கோப்பை கவிழ்ந்து மேசையெங்கும் தேநீர் பரந்தது. அவர் திடுக்கிட்டு, “இது எப்ப வந்த?” என்று கேட்டார். அன்று அவர் சென்ற பின்னர், மேசையைத் துடைத்தவாறே கமலேஸ்வரி கூறினார்:

“போன கிழமையும் இப்பிடித்தான். அந்தப் பக்கம் வைக்கிறது அவருக்குத் தெரியுதில்லைப் போல. கண்ணைக் காட்டச் சொல்லுங்கோவன்.”

“கை வீசிக் கதைக்கிற ஆள். தட்டுப்படும்தானே.”

“நான் ரெண்டு தரம் கண்டனான்.”

“சரி, சொல்லுறன்.”

அவர் சொல்லவில்லை. மறந்துபோகவுமில்லை. அடுத்த சனிக்கிழமை றஹ்மான் மீன் கோர்வையோடு படியேறியபோது, அச்சொல் நாவின் நுனியில் நின்றது. ஆனால் அதனைச் சொன்னால், அதன் பின்னே மற்றொன்றையும் சொல்ல நேரும். மூதூர்ப் பக்கத்தில் தாம் பெற்ற வெற்றிகளுள் உண்மையானவை யாவை என்று அதன்பின் கணக்கிட வேண்டியிருக்கும். தேநீர்க் கோப்பையைப் பற்றிப் பேசாமல், பாக்கியரத்தினம் சட்டகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அன்று முதலாட்டத்தில், மூதூர்ப் பக்கத்து ஓர நிரலில் மூன்று சிவப்புக் காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. ஒளித்து வைக்கப்பட்டவையல்ல, சிறு பிள்ளையும் காணத்தக்கவை. றஹ்மான் தம் மஞ்சட் காயை விரல்களிடையே சுழற்றிக்கொண்டு சட்டகத்தை நேரே பார்த்தார். பார்த்து, நிலாவெளிப் பக்கத்தில் அதனை விட்டார். பாக்கியரத்தினம் நான்காவதை விட்டபோது அவர் மனத்தில் மகிழ்ச்சி எழவில்லை.

“விட்டுட்டன்,” என்றார் றஹ்மான்.

இரண்டாமாட்டத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. பாக்கியரத்தினத்துக்குக் கேட்பதற்கு இரு கேள்விகள் இருந்தன. கண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன விடை வருமென்று அவர் அஞ்சினார். ஆதலால், ‘இல்லை’ என்ற விடை வருமென்று தாம் நம்பிய மற்றக் கேள்வியைக் கேட்டார்.

“நானா, உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு விட்டுக் குடுக்கிறீங்களோ?”

றஹ்மான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மடித்து, மீண்டும் அணிந்துகொண்டார். பின்னர் சிரித்தார்.

“ஓம் அண்ணன். விட்டுக் குடுத்தனான். பாவம் வயசு போன மனிசன், கொஞ்சம் சந்தோசப்படட்டும் எண்டுதான்.”

“எல்லா ஆட்டமுமோ?”

“எல்லாந்தான்.”

பாக்கியரத்தினம், காய்களை வெளியே விடும் சட்டகத்தின் அடித்தாழை இழுத்தார். காய்களெல்லாம் சடசடவென்று மேசையில் கொட்டுண்டன. சில உருண்டு நிலத்திலும் விழுந்தன.

“எனக்கு ஒருத்தற்றை இரக்கமும் தேவையில்லை.”

“அண்ணன், பகிடிக்கு...”

“ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறீங்கள். இனி இந்த விளையாட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். அந்த மீனையும் கொண்டு போங்கோ.”

குசினி வாயிலில் கமலேஸ்வரி வந்து நின்றார். இருவர் முகத்தையும் பார்த்தார். றஹ்மான் மீன் கோர்வையை எடுக்கவில்லை. செருப்பை அணிந்துகொண்டு முற்றத்தைக் கடந்தார். வெளிவாயிலில் அவருடைய இடத்தோள் தூணில் நன்றாக மோதியது. அவர் தோளைத் தடவிக்கொண்டு திரும்பிப் பாராமல் சென்றார். பாக்கியரத்தினம் அதனைக் கண்டார். கண்டும் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

சட்டகமும் காய்களும் அலுமாரியின் மேல்தட்டுக்குச் சென்றன. சனிக்கிழமைகளில் கமலேஸ்வரி சந்தையில் மீன் வாங்கினார். மாரி தொடங்கிக் குடா கொந்தளித்தது. “கடல் சரியில்லைத்தானே, வரமாட்டார்,” என்று பாக்கியரத்தினம் ஓரிரு முறை தாமாகவே சொல்லிக்கொண்டார். மாரி முடிந்து கடல் அடங்கிய பின்னர் அதனைச் சொல்லவும் இயலவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்ததுமுண்டு. முதலிற் பேசவேண்டியவர் நானாவே என்று மீண்டும் வைத்ததுமுண்டு.

ஈற்றில் பேசியவர் றஹ்மானின் மகள் நுஸ்ரத்.

“மாமா, வாப்பாக்கு ஒரு விசயம் நடந்து போச்சு. பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்டுமில்ல.”

மூதூர்க் கரையை அணுகுகையில், இடப்புறத்தில் நங்கூரமிட்டிருந்த மற்றொரு படகின்மீது றஹ்மானின் படகு மோதியிருந்தது. பட்டப்பகல், அலையுமில்லை, மூடுபனியுமில்லை. அப்படகில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் கடலில் விழுந்து, தோள் எலும்பு முறிந்தது. றஹ்மானுக்குக் காயமில்லை. ஆனால், “அங்க ஒரு போட்டும் நிக்கல்லியே” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு, மகள் அவரைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருந்தாள்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுற வருத்தமாம் மாமா. கனகாலமா இருந்திருக்காம்.”

பாக்கியரத்தினம் செய்தியைச் சொன்னபோது கமலேஸ்வரி அவரை ஏறிட்டுப் பார்த்தார். “சொன்னனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். பின்னர் குசினிக்குத் திரும்பிப் பயறு வறுக்கத் தொடங்கினார்.

மறுநாட் காலையில் பயற்றம் பணியாரப் பொதியோடும், சந்தைப் பையில் இட்ட சட்டகத்தோடும் பாக்கியரத்தினம் பேருந்தில் ஏறினார். கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில், பையினுள்ளே காய்கள் ஒன்றோடொன்று உரசி ஒலித்துக்கொண்டிருந்தன. எதைச் சொல்லவேண்டுமென்பதை வழிநெடுகிலும் அடுக்கிக்கொண்டார். கமலம் கண்டாள், என்னிடம் சொன்னாள், நான் உங்களுக்குச் சொல்லவில்லை. மூன்றே வாக்கியங்கள், அவற்றுள் கடினமான சொல் ஒன்றேனும் இல்லை.

றஹ்மான் வீட்டு முற்றத்தில், படகிலிருந்து கழற்றப்பட்ட இயந்திரம் தறப்பாளால் மூடப்பட்டுக் கிடந்தது. அவர் முன்கூடத்தில் கதிரையில் அமர்ந்திருந்தார். பாக்கியரத்தினம் அவருடைய இடப்புறமாக வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். றஹ்மான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க, ஆரு வந்திருக்கிற எண்டு பாருங்க,” என்றாள் நுஸ்ரத்.

றஹ்மான் கழுத்தை முழுதாகத் திருப்பினார்.

“ஆரு, பாக்கியண்ணனா? என்ன, மீன் தேடி வந்தீங்களா?”

“விட்டிட்டுப் போன மீனுக்கு ஈடு கொண்டந்தனான். கமலம் பணியாரம் தந்துவிட்டவ.”

“அப்ப மீன் லாபந்தான். இருங்க அண்ணன்.”

சிரிப்பு அதே சிரிப்பு. பாக்கியரத்தினம் அமர்ந்தார். எதிரே அமர்ந்தால்தான் தம்மைக் காண்பாரென்று பின்னர் உணர்ந்து, கதிரையை முன்னே நகர்த்தினார்.

“டொக்டர் என்ன சொல்லுறார்?”

“இடக்கண் முடிஞ்சாம். வலக்கண்ணுலயும் மூக்குப் பக்கம் தேஞ்சு போச்சாம். போனது வராது, மிச்சத்தக் காப்பாத்தலாம் எண்டு மருந்து தந்திருக்காரு. போட்டுல ஏறக்கூடாது எண்டுட்டாரு.” றஹ்மான் முற்றத்துத் தறப்பாளை ஒருமுறை பார்த்தார். “நோவு ஒண்டு வந்திருந்தாலாவது காட்டியிருப்பன். நோவும் இல்ல, எரிவும் இல்ல. இருட்டாத் தெரிஞ்சிருந்தாலும் பரவால்ல. இருட்டும் இல்ல அண்ணன். இல்லாததும் இருக்கிற மாதிரித்தான் தெரியும். அங்க ஒண்டுமில்ல எண்டு கண் சொல்லும், நான் நம்புவன்.”

“முந்திப் பிடிச்சிருந்தால்?”

“நிப்பாட்டியிருக்கலாமாம். அவரும் அதத்தான் கேட்டாரு. ஒங்களோட பழகுறவங்க ஒருத்தரும் கவனிக்கல்லியா எண்டு. எனக்கே தெரியல்ல, மத்தவங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டனான்.”

பாக்கியரத்தினம் வாய் திறந்தார். அடுக்கி வைத்த வாக்கியங்களுள் முதலாவது வெளிவருமுன், றஹ்மான் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணன், அண்டைக்கு விட்டுக் குடுத்தன் எண்டு சொன்னனே, அது பொய். விட்டுட்டன். அந்தக் காயெல்லாம் நான் காணவே இல்ல. நீங்க வெண்ட பிறகு பாத்தா, நாலும் அங்க நிக்கும். மூளை மங்கிப் போகுது எண்டு நினைச்சன். எங்கட மூத்தாப்பாக்குக் கடைசியில அப்பிடித்தான், சொந்தப் பிள்ளையையே தெரியாது. நீங்க கேக்கக்குள்ள எனக்கு வெக்கமாப் போச்சு. அதுதான் பெரிய ஆள் மாதிரி விட்டுக் குடுத்தன் எண்டுட்டன். மனசில வைக்காதீங்க.”

மன்னிப்புக் கேட்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டுவிட்டது. அதன்பின் தம் வாக்கியங்களை எவ்விடத்திலிருந்து தொடங்குவதென்று பாக்கியரத்தினத்துக்குத் தெரியவில்லை. “நான் ஒண்டும் வைக்கேல்லை நானா,” என்றார். அது உண்மையாயினும், சொல்லவேண்டிய உண்மை அதுவன்று.

“அந்தப் பையில என்ன சத்தம் கேக்குது? கொண்டந்திருக்கீங்களா? எடுங்க, எடுங்க.”

சட்டகம் சிறுமேசைமேல் ஏறியது. இவ்வீட்டில் தெற்கும் வடக்கும் வேறாக இருந்தன; எனினும், றஹ்மானின் இடக்கைப் புறமே மூதூர்ப் பக்கமென்று இருவரும் பேசாமலே கொண்டனர். றஹ்மான் விரல் நுனியால் மேல்விளிம்பைத் தடவி ஏழு வாய்களையும் அறிந்துகொண்டார். பாக்கியரத்தினம் ஒவ்வொரு காயையும் விடும்போது அதன் இடத்தைச் சொன்னார்: “நடு.” “நிலாவெளிப் பக்கம், ஓரத்துக்கு அடுத்தது.” “மூதூர்ப் பக்கம், ஓரம்.” ஒவ்வொரு சொல்லுக்கும் றஹ்மான் தலையைத் திருப்பி அவ்விடத்தைப் பார்த்தார். பார்த்த பின்னர் மறித்தார். பழைய மறிப்பு, ஓரிடமும் தப்பவில்லை.

“இப்பிடிச் சொல்லிச் சொல்லி விட்டா நான் என்னத்துக்குத் தோக்கிற? இத முந்தியே செஞ்சிருக்கலாமே அண்ணன்,” என்று றஹ்மான் சிரித்தார்.

பாக்கியரத்தினம் சிரிக்க முயன்றார். கையிலிருந்த சிவப்புக் காயைப் பார்த்தார். முன்னே நிற்பவை எவையென்று அதன்பின் அவர் சரியாகப் பார்க்கவில்லை. தேநீர் பரந்த தம் வீட்டு மேசையையும், றஹ்மான் மோதிய வெளிவாயில் தூணையும் மனத்துள் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு வாயில் காயை விட்டு, அதன் பெயரையும் சொன்னார்.

றஹ்மான் தம் மஞ்சட் காயை இடக்கையால் ஓரம்வரை தடவி, அவ்வாயினுள் விட்டார். அது வழுக்கி இறங்கிய ஒலி நின்றதும், அடியிலிருந்து சாய்வாக ஏறிய நான்கு துளைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான்கும் மஞ்சள்.

“நுஸ்ரத், வாப்பா வெண்டுட்டன்.” பின்னர் அவர் முகம் சற்றே மாறியது. “அண்ணன், இத மறிக்காம இருக்க ஏலாதே. கண் போன மனிசன் எண்டு விட்டுக் குடுத்தீங்களா?”

“இல்லை நானா.”

“சத்தியமா?”

“சத்தியமா. விட்டுட்டன்.”

“எங்க விட்டீங்க எண்டாவது தெரியுமா?”

“தெரியும்,” என்றார் பாக்கியரத்தினம். “மூதூர்ப் பக்கம்.”

றஹ்மான் நிறைவோடு தலையசைத்து, அடித்தாழை இழுத்தார். காய்கள் கொட்டுண்டன. அவர் மஞ்சளைப் பொறுக்கத் தொடங்கினார். இடப்புறமாகச் சிதறியவற்றைப் பாக்கியரத்தினம் எடுத்து, ஒவ்வொன்றாக அவர் கையில் வைத்தார்.